பதினேழு மணி நாற்பது நிமிஷம்

பதினேழு மணி நாற்பது நிமிஷத்தைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. எண்ணைத் தட்டிய உடனே கட்டம் சிவந்துபோயிற்று. ஃபாரம் அக்கா அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு. எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். கூட்டலில் தப்பில்லை.

ஃபாரம் அக்கா என்பது வீடுகளில் அவளுக்கு வைத்த பெயர். புள்ளிவிவர அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிக வேலை. தோளில் பையும் கையில் அட்டையுமாகக் கதவு கதவாகத் தட்டி, நாய்க்குப் பயந்து, "ஒண்ணும் வேண்டாம், போ" என்பவர்களிடம் "நான் எதுவும் விக்க வரலீங்க" என்று சிரித்துச் சொல்லிப் பழகிய வாய். இந்தச் சுற்றில் கேட்க வேண்டியது நேரம். வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்தார்கள் என்று பத்துப் பத்து நிமிஷமாக எழுத வேண்டும். மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு கட்டங்கள். இதே ஃபாரத்தைப் பல நாடுகளில் நிரப்பி, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருக்கிற மேடுபள்ளம் எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மேலே எங்கோ உட்கார்ந்து நாடுகளை வரிசைப்படுத்துவார்கள். போன சுற்றில் இந்த நாடு பதினோரு இடம் சறுக்கியிருந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோருமே காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்கள் மாதிரிதான் நின்றார்கள்.

மேற்பார்வையாளருக்குப் புள்ளி சார் என்று பெயர். டீ ஆறிப்போயிற்று என்றால்கூட எத்தனை புள்ளி எத்தனை டிகிரி என்று கேட்பார். கை சுத்தம், வாய் சுத்தம். எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது மட்டும் அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

"என்னம்மா, உன்னோடதுல மட்டும் ரெண்டு சிவப்பு நிக்குது?"

"எழுபத்தி மூணாம் வீடு சார். லாண்டரி."

அவர் தாளை வாங்கினார். "முதல் பக்கத்துல என்ன எழுதியிருக்க? மனைவி வேலை எதுவும் பாக்கல, வீட்டுல சும்மா இருக்காங்க. இந்தப் பக்கம் திருப்பினா பதினேழு மணி நாப்பது நிமிஷம் வேலை. சும்மா இருக்கிற பொம்பளை எப்படிம்மா பதினேழு மணி நேரம் வேலை பாக்கும்? ரெண்டுல ஒண்ணு பொய்."

"அது புருஷன் சொன்னது, இது பொஞ்சாதி சொன்னது சார். கேட்டதை எழுதினேன்."

"பதினாறுக்கு மேல போனா இது முழுங்காது. பதினஞ்சரைன்னு போட்டு முடி. ஒரே ஒரு வீடு. நாட்டுச் சராசரியில அது கடல்ல கரைச்ச பெருங்காயம்."

"அசையவே அசையாதுன்னா எதுக்கு சார் மாத்தணும்?"

புள்ளி சார் கண்ணாடியைக் கழற்றினார். "மாசக் கடைசியில நிரந்தரம் பண்ற லிஸ்ட் போகுது. சிவப்பு இல்லாதவங்க பேருதான் போகும். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

பன்னிரண்டு வருஷம் கண் முன்னால் ஓடியது. ஆனாலும், "நான் மாத்த மாட்டேன் சார்" என்றுதான் வாயில் வந்தது.

"சரி. விதிப்படியே நடக்கட்டும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே நேர்ல வந்து கேட்டுச் சரிபாக்கறேன்."

அவளுக்குக் கிழமை நினைவுக்கு வந்தது. நாளைக்கு வியாழக்கிழமை.

"சார், அந்தம்மாவைத் தனியா வச்சுத்தான் கேக்கணும்."

"விதியை எனக்கே சொல்லித் தரியா?" என்றார், பார்வையைத் தாளிலிருந்து எடுக்காமலே.

போன வியாழக்கிழமைதான் அவள் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மழை பிடித்து மூன்றாம் நாள். முன்னால் கடை, நடுவில் இஸ்திரி போடும் கூடம், பின்னால் ஒரு படுக்கையறை, அதற்கும் பின்னால் சமையலறை, எல்லாம் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. வெயில் இல்லாததால் துவைத்ததெல்லாம் அந்தக் கயிறுகளில் ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கியது. குனிந்து நிமிர்ந்து போனால்தான் ஆளைப் பார்க்க முடியும். ஈரத்துணியை இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைக்க வேண்டியிருந்ததால் ஒரு சட்டைக்கு மூன்று சட்டையின் நேரம் பிடித்தது.

லாண்டரிக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே முதல் பக்கத்துக்குப் பதில் சொன்னார். வேட்டு மாதிரி பேச்சு. "எழுதிக்குங்க. கடை என்னோடது. உழைப்பு என்னோடது. அவ வீட்டுல சும்மாதான் இருக்கா, கூடமாட ஏதாவது எடுத்துக் குடுப்பா." சொல்லிவிட்டுச் சோப்புத்தூள் வாங்கக் கிளம்பிப் போனார்.

அந்தக் கூடமாட எடுத்துக் கொடுப்பவள் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் அவளை லாண்டரியம்மா என்பார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கேள்விக்குப் பதில் சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

"எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"மூணு அம்பது. மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராது. துடைச்சு, துணி மாத்தி, திருப்பிப் படுக்க வைக்கணும். நாலரைக்கு முதல் பெட்டியைச் சூடு பண்ணுவேன்."

பின்னறையிலிருந்து கிழவரின் குரல் வந்தது. "மணி என்ன?"

"பத்தேகால் மாமா." பிறகு தணிந்த குரலில், "ஒரு நாளைக்கு நாப்பது தடவை கேப்பார். எங்க போகணுமோ தெரியல. அதையும் எழுதணுமாக்கா?"

"அதுக்குக் கட்டம் இல்ல."

"கஞ்சி குடுத்தா, சட்டைக்குப் போடற கஞ்சியை எனக்குக் குடுக்கறியான்னு கேப்பார். நாக்கு மட்டும் நல்லா வருது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இஸ்திரி, துவைப்பு, சமையல், கிழவர், பட்டன் தைப்பது, மறுபடி இஸ்திரி என்று கட்டங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன. குளிக்கவும் சாப்பிடவுமாகச் சேர்த்து நாற்பது நிமிஷம். தூக்கம் நாலு மணி நாற்பது நிமிஷம். மதியம் இரண்டரைக்கு வந்தபோதுதான் அவள் கை முதல் தடவையாக நின்றது.

"சொல்லுங்க. ரெண்டரையிலேர்ந்து மூணரை."

"ஹாஸ்டலுக்குத் துணி குடுக்கப் போவேன்."

"ஒரு மணி நேரமா? ஹாஸ்டல் அந்த முனையிலதானே இருக்கு."

லாண்டரியம்மா வாசலைப் பார்த்தாள். "எழுதினா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. பேரு போகாது, நம்பர்தான் போகும். உங்க வீட்டுக்காரர் கேட்டாலும் காட்ட மாட்டேன். சத்தியம்."

"ஆஸ்பத்திரி லாண்டரியில ஆவியில ஓடற பெரிய மெஷின் வந்திருக்கு அக்கா. ஆறு வாரம் சொல்லித் தராங்க. துணியைக் குடுத்துட்டு அங்க ஓடிடுவேன். அடுத்த வியாழக்கிழமை மதியம் பரீட்சை. தேறினா வேலை. எட்டு மணி நேரம்தான், வாரத்துல ஒரு நாள் லீவு." அவள் பெட்டியை மறுபடி எடுத்தாள். "எட்டு மணி நேரம் போக மிச்சத்தை வச்சுக்கிட்டு மனுஷன் என்னதான் பண்ணுவானோ!"

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா விடுவாரா? என் கை இல்லாட்டா இந்தக் கடையில சட்டரு மட்டும்தான் மிஞ்சும். வேலை கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன். கிடைக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா கதை முடிஞ்சுது."

ஃபாரம் அக்கா அந்த ஆறு கட்டங்களில் 'பயிற்சி வகுப்பு, ஆஸ்பத்திரி லாண்டரி' என்று பொடி எழுத்தில் எழுதினாள்.

இப்போது அந்தத் தாள் புள்ளி சாரின் மேஜையில் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வருவதற்குள் முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவது என்று முதல் பஸ்ஸைப் பிடித்தாள். எட்டரைக்குத் தெருமுனையில் இறங்கி, தேங்கின தண்ணீரைப் பார்க்காமல் ஓடினாள். கடை வாசலில் புள்ளி சாரின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. அவருடைய மழைக்கோட்டிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பத்து மணின்னீங்களே சார்?"

"மழை விட்டுச்சு, வந்துட்டேன். நீயும் வந்துட்டியா, நல்லதாப் போச்சு."

அதிகாரியே தேடி வந்துவிட்டார் என்று லாண்டரிக்காரருக்கு வாயெல்லாம் பல். கூடத்தில் நாற்காலி போட்டு, கையில் டீயைக் கொடுத்திருந்தார். லாண்டரியம்மா வெள்ளைக் கோட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றுத் துணிகளுக்கு நடுவே ஃபாரம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சார், அவங்களை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போய்..." என்றாள் ஃபாரம் அக்கா.

"அட, என் பொஞ்சாதியை எனக்குத் தெரியாம என்னம்மா கேக்கறது?" என்றார் லாண்டரிக்காரர். "எங்களுக்குள்ள ஒளிவு மறைவே கிடையாது சார். நீங்க கேளுங்க."

"நேரக் கணக்குதானேம்மா, இதுல என்ன ரகசியம்?" என்றார் புள்ளி சார். தாளை முழங்காலில் வைத்து, பேனாவைத் திறந்தார். அவருடைய மனசெல்லாம் அந்தச் சிவப்புக் கட்டத்தில் இருந்தது. "மூணு அம்பதுக்கு எழுந்து பெரியவரைப் பாக்கறது, நாப்பது நிமிஷம். சரிதானா?"

"அது சரிதான் சார்" என்றார் லாண்டரிக்காரர். கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லை.

"நாலரையிலேர்ந்து ஏழு வரைக்கும் இஸ்திரி."

"ஆமா, அது உண்டு."

"ஏழிலேர்ந்து எட்டு சமையல். எட்டிலேர்ந்து பத்தரை துவைப்பு, அலசறது."

"ஆமா." இந்த ஆமாவில் சத்தம் குறைந்திருந்தது. புள்ளி சாரின் பேனா வரிக்கு வரி டிக் போட்டுக்கொண்டு போயிற்று. லாண்டரிக்காரர் கல்லாவை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து, அந்தத் தாளைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறுக்க ஒரு வரியும் அகப்படவில்லை. தாளைப் பிடுங்கிவிடலாமா என்று ஃபாரம் அக்காவுக்குக் கை பரபரத்தது.

"சார், போதும் சார். எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"இரும்மா. ரெண்டரையிலேர்ந்து மூணரை, பயிற்சி வகுப்பு, அறுபது நிமிஷம்."

"என்ன வகுப்பு?" என்றார் லாண்டரிக்காரர்.



"அது என் தப்பு சார்" என்று ஃபாரம் அக்கா முந்திக்கொண்டாள். "பக்கத்து வீட்டுக் கணக்கை இதுல ஏத்திட்டேன். ஹாஸ்டலுக்குத் துணி குடுக்கப் போனாங்கன்னு இருக்கணும். அடிச்சிடுங்க சார்."

பன்னிரண்டு வருஷத்தில் ஃபாரத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. புள்ளி சாருக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பக்கத்து வீடு நம்ம கணக்குலயே இல்லையேம்மா. ஆஸ்பத்திரி லாண்டரின்னு உன் கையெழுத்துலயே இருக்கு." சொல்லி முடித்த பிறகுதான் தலையைத் தூக்கி மூன்று முகங்களையும் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

லாண்டரியம்மா பெட்டியைத் தாங்கியில் நிறுத்திவைத்தாள்.

"அக்கா தப்பா எழுதல. நான்தான் சொன்னேன். ஆறு வாரமாப் போறேன். இன்னைக்குப் பரீட்சை."

லாண்டரிக்காரர் இரண்டே எட்டில் இஸ்திரி மேஜைக்கு வந்தார். இன்னொரு பெட்டி சூடாக இருந்தது. அதைத்தான் எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சுவரில் பெட்டி மோதிய பழைய தழும்பு ஒன்று ஏற்கெனவே இருந்ததை ஃபாரம் அக்கா அப்போதுதான் கவனித்தாள்.

"மணி என்ன?" என்று பின்னறையிலிருந்து கிழவர் கேட்டார்.

லாண்டரியம்மா புருஷன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எட்டு அம்பது மாமா" என்றாள்.

அவர் கை தாழ்ந்தது. பெட்டியை விரித்திருந்த கோட்டின் மேலேயே வைத்துவிட்டார். கருகல் நெடி கிளம்பியது. அவள்தான் எட்டி எடுத்து நிமிர்த்தினாள். வெள்ளைக் கோட்டின் முதுகில் பெட்டி அளவுக்குப் பழுப்பாக ஒரு தடம்.

"ஆறு வாரம்!" என்றார் அவர், புள்ளி சாரைப் பார்த்து. "ஆறு வாரமா என் தலையில மிளகாய் அரைச்சிருக்கா சார். இவ போயிட்டா கடையை யாரு பாக்கறது? ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது உருப்படி! வெள்ளைத்துணிக்கு நீலம் போடறது யாரு? அப்பாவை யாரு பாக்கறது? நான் ஒரு ஆளு, எனக்கு ரெண்டு கைதானே?"

ஃபாரம் அக்கா அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். ஓர் அடி முன்னால் வந்து கேட்டாள். "அண்ணே, முதல் பக்கத்துல ஒரு கேள்வி. அவங்க வேலை ஏதாவது பாக்கறாங்களான்னு. இல்லன்னு சொன்னீங்க. அதுவும் சிவப்பாத்தான் நிக்குது. இப்ப நான் என்ன எழுதட்டும்?"

"என்னத்தையோ எழுதித் தொலை!"

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்க" என்றார் புள்ளி சார். கிண்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். "ஆமாவா, இல்லையா?"

லாண்டரிக்காரர் கருகின கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா" என்றார் கடைசியில், பல்லைப் பிடுங்கினதுபோல. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. இன்னைக்கு மதியம் நீ வாசப்படி தாண்டினா, அப்புறம் இந்த வீடு உனக்கு இல்ல."

அவள் அடுத்த கோட்டை உதறி விரித்தாள்.

புள்ளி சார் எழுந்து மழைக்கோட்டை எடுத்தார். ஃபாரம் அக்கா வழியில் நின்றாள். "நீங்க போகக் கூடாது சார். படிச்சுக் காட்டினது நீங்க. நாம போன பிறகு இங்க என்ன நடக்கும்னு எந்த ஃபாரத்துலயும் வராது."

அவர் மழைக்கோட்டைக் கயிற்றிலேயே மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அந்த ஐந்து மணி நேரத்தை மறக்கவே முடியாது என்று ஃபாரம் அக்கா பின்னால் சொல்வாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. லாண்டரிக்காரர் கல்லாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தார். லாண்டரியம்மா ஹாஸ்டல் துணி முழுவதையும் தேய்த்து அடுக்கினாள். ரொட்டியும் முட்டையும் செய்து எல்லோருக்கும் வைத்தாள். கணவரும் சாப்பிட்டார், தட்டைப் பார்த்தபடி. ஒரு மணிக்குக் கிழவருக்குக் கஞ்சி கொடுத்தாள். கிழவர் கேட்பதும் அவள் மணி சொல்வதும் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு தடவையும் மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பத்துக்கு முகம் கழுவி, துணி மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஹாஸ்டல் மூட்டை. லாண்டரிக்காரர் வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றி அடைத்துக்கொண்டு நின்றார்.

"வழி விடுங்க."

"சொன்னது காதுல விழல?"

"விழுந்துது. போயிட்டு வருவேன். வர வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. மாமா மாத்திரை எது காலைல, எது ராத்திரின்னு அக்காகிட்ட சொல்லிட்டுப் போறேன். உங்களுக்குத் தெரியாது."

புள்ளி சார் எழுந்து வந்து லாண்டரியம்மாவின் பக்கத்தில் நின்றார். எண்ணைத் தவிர வேறு எதற்காகவும் அவர் அப்படி நின்று ஃபாரம் அக்கா பார்த்ததில்லை. தெருவில் போன ஓர் ஆள் குடையைச் சாய்த்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். லாண்டரிக்காரர் ஒரு கையை எடுத்தார். அந்த இடைவெளியில் அவள் உடம்பைச் சாய்த்துப் புகுந்து வெளியே போனாள்.

மூன்று மணிக்குக் கிழவர் வலியில் முனகினார். திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். லாண்டரிக்காரர் தனியாக முயன்று பார்த்தார். எங்கே கை கொடுப்பது என்று தெரியவில்லை. கிழவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். புள்ளி சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் இன்னொரு பக்கம் பிடித்தார். இரண்டு ஆண்களும் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார்கள்.

"இதுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்க?" என்று புள்ளி சார் மெல்லக் கேட்டார்.

"பத்து நிமிஷம் சார். ஒரு நாளைக்கு ஆறு தடவை."

அவர் தாளில் பதினேழு மணி நாற்பது நிமிஷத்துக்குக் கீழே 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நீ என் முன்னாடி பொய் சொன்ன. அதை நான் எழுதித்தான் ஆகணும். லிஸ்ட்ல உன் பேரு நிக்குமான்னு தெரியல."

"எழுதுங்க சார்."

"நான் புருஷன் முன்னாடி படிச்சுக் காட்டினதையும் எழுதறேன். அது உன்னோடதை விடப் பெரிய தப்பு." பேனாவை மூடினார். "என் பேரு எந்த லிஸ்ட்ல போகும்னும் தெரியல."

நாலேகாலுக்கு அவள் வந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். நிலையைத் தாண்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று புருஷனைப் பார்த்தாள். அவர் கல்லாவிலிருந்து எழுந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொன்னாங்க. காலைல ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கா?" அவர் விரலை மடக்கி எதையோ எண்ணினார், பாதியில் விட்டார். "அப்ப அப்பாவுக்குக் கஞ்சி யாரு போடறது?"

லாண்டரியம்மா உள்ளே வந்து, புள்ளி சார் எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து ஃபாரம் அக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை. நனைந்த தலைமுடியைப் பிழிந்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். பின்னறையிலிருந்து கிழவர் இருமினார். லாண்டரிக்காரர் கயிற்றுத் துணிகளை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"அரிசி எங்க இருக்கு?" என்று கத்தினார்.

"தேடுங்க" என்றாள் அவள்.